பேச்சியம்மாளின் மூன்றாவது இயல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது ராம்குமார் கூப்பிட்டான். என்னோடு அதே கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். எடுத்தவுடன் "எங்க இருக்க?" என்றுதான் கேட்பான். அன்று என் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு, "பேச்சியக்கா போயிட்டாங்க. மதுரை ஆஸ்பத்திரியில" என்றான். மூளையில் இரத்தக் கசிவு. முந்தின நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார்.

வண்டி வந்தது. ஏறாமல் நின்றேன். அழுகைக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது. அந்த மனிதர் அக்காவின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டாரா? போடவில்லை என்பது எனக்கே தெரியும். அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைத் துக்கமாக மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

பேச்சியம்மாள் வத்திராயிருப்புக்காரர். கணவர் இராணுவத்தில், ஆண்டின் பெரும்பகுதி வடக்கே எங்கேயாவது இருப்பார். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் தமிழில் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஆய்வாளர்களுக்கென்று கல்லூரி ஒதுக்கியிருந்தது, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறை. அதற்குள் வரலாற்றுத் துறை ராம்குமார் இராஜபாளையம் நாய்களுக்கு எந்தெந்தக் குடும்பங்கள் என்னென்ன பெயர் வைத்தன என்று தேடிக்கொண்டிருந்தான். நான் நீதிமன்ற வாசலில் மனு எழுதித் தருகிறவர்களின் மொழியை ஆராய்ந்தேன். இன்னொருவர் பால்கோவாக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தார். ஒவ்வொருவருக்கும் தன் தலைப்பு உயிர். மற்றவருடையது வேடிக்கை.

அக்கா வந்த அன்று தலைப்பைக் கேட்டோம். "குழாயடிச் சண்டை" என்றார். அறையே சிரித்தது. அவர் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகத் திரும்பினார்.

"சிரிச்சு முடிச்சாச்சா? நாய்க்குப் பேர் வச்சத ஆராயலாம். பொம்பளைக நியாயம் கேக்குறத ஆராயக் கூடாதா?"

ராம்குமார்தான் முதலில் எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்தான். அந்த அறையில் கால் ஆடாத நாற்காலி அது ஒன்றுதான்.

ஒரு காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னாலுள்ள தெருவுக்கு என்னையும் கூட்டிப்போனார். அந்தத் தெருப் பெண்களுக்கு அவரைப் பழக்கம். கைபேசியில் பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். குழாயில் தண்ணீர் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்தார்.

"ஏட்டி, எங் கொடத்த எவ நகட்டுனது?"

வரிசையில் நின்றவர், "கொடந்தான இருந்துச்சு, ஆளக் காணுமே" என்றார்.

"கொடம் இருந்தா நான் இருக்கேன்னு அர்த்தம். வாசல்ல ஒம் புருசன் செருப்பு கெடந்தா அவரு வீட்ல இருக்காருன்னுதான சொல்லுவ?"

வரிசை மொத்தமும் சிரித்தது. எதிர்த்துப் பேசியவரும் சிரித்துவிட்டார். குடம் பழைய இடத்துக்குப் போனது. திரும்பி நடக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தேர்த் திருவிழாவுக்கு வந்த சிறுமியைப் போல இருந்தார்.

"கேட்டியா? ஆளுக்குப் பதிலா ஒரு பொருள் நிக்கலாமான்னு வழக்கு. வாதம், எடுத்துக்காட்டு, தீர்ப்பு, எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒங்க கோர்ட்டுல இதுக்கு எம்புட்டு வருசம் ஆவும்?"

அவருடைய நெறியாளரின் பெயரை எழுதப்போவதில்லை. அறிந்தவர்களுக்கு அது தேவையில்லை. அறியாதவர்களுக்கு அவரைப் போல ஒருவரையாவது தெரிந்திருக்கும். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அவர் அக்காவின் மூன்றாவது இயலை விரல் நுனியால் புரட்டினார். வசைச் சொற்களைப் பற்றிய இயல் அது. எந்தக் குற்றத்துக்கு எந்த வசை, எதைச் சொன்னால் மற்ற பெண்களே தடுப்பார்கள், எந்தச் சொல்லுக்குப் பிறகு சமாதானம் நடக்காது என்றெல்லாம் வகுத்து எழுதியிருந்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"இதெல்லாம் ஒரு ஆய்வாம்மா? கோலம் இருக்கு, தாலாட்டு இருக்கு. நாகரிகமா ஒண்ணு எடுக்கக் கூடாதா? இந்த இயல எடுத்துருங்க."

"சண்டை போடாத பொம்பளைகளப் பத்தி மட்டுந்தான் ஆராயணுமா ஐயா?"

"எடுத்துருங்கன்னு சொன்னேன்."

"எடுக்க மாட்டேன் ஐயா. அவிய பேசுனது அது."

குரல் உயரவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கான தண்டனை ஒன்றரை வருடம் நீண்டது. ஆய்வேடு முழுமையாக எழுதி முடிந்து அவர் மேசைக்குப் போயிற்று. திங்கள்கிழமை வாருங்கள் என்பார். திங்கள்கிழமை போனால் கூட்டம் இருக்கிறது என்பார். வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கே வண்டி மாறி இராஜபாளையம், பிறகு அவருடைய அறை வாசல். உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்கும். கூப்பிட மாட்டார். படித்துவிட்டுக் குறை சொல்லியிருந்தால் நான் இத்தனை கோபப்பட மாட்டேன். அவர் படிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில்தான் துறையில் பெண் குரல் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. மேடையில் நான்கு ஆண்கள் பெண் குரலைப் பற்றிப் பேசினார்கள். அக்காவுக்குக் கட்டுரை வாசிக்க இடமில்லை என்று சொல்லி, தேநீர்ப் பொறுப்பைக் கொடுத்திருந்தார் நெறியாளர். பின்வாசலில் நின்று அக்கா தம்ளர்களில் தேநீர் ஊற்றுவதைப் பார்த்துக் கிட்டே போனேன்.

"எதுக்குக்கா இதச் செய்றீங்க? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"குழாயடியில நான் எம்புட்டோ சண்டை பாத்துட்டேன். வரிசையில பக்கத்துல நிக்கிறவகிட்டதான் எல்லாரும் சண்டை போடுதாக. வால்வத் தெறக்குற ஆளுகிட்ட ஒருத்தியும் போடல. போட்டா நாளைக்குத் தெருவுக்கே தண்ணி வராது. கையெழுத்து அவரு கையில இருக்கு ஏட்டி. நீ போயி உக்காரு."

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அவர் போன பிறகு துறை இரங்கல் கூட்டம் நடத்தியது. மேடையில் பெரிய பதாகை. சிரிக்கும் படத்துக்குக் கீழே தங்க நிற எழுத்தில் "முனைவர் பேச்சியம்மாள்" என்று போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை தராத பட்டத்தை அச்சுக்கடையில் சொல்லி வாங்கிவந்துவிட்டார்கள். நெறியாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "அதிர்ந்து பேசத் தெரியாத பெண்மணி. பொறுமையின் வடிவம்" என்றார்.

நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று யோசித்து எழவில்லை.

"அவங்க அதிர்ந்துதான் பேசுனாங்க சார். நானூறு பக்கத்துக்குப் பேசியிருக்காங்க. நீங்கதான் தெறந்து பாக்கல."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உக்காருங்க."

அப்போது முன் வரிசையிலிருந்து அக்காவின் கணவர் எழுந்தார். விடுப்பில் வந்திருந்தவர். மகளின் தோளில் கை வைத்திருந்தார். பதாகையைக் காட்டி, "அத எறக்கிருங்க சார். அவ வாங்காதத அவளுக்குக் குடுக்காதிய" என்றார்.

யாரும் அசையவில்லை. ராம்குமார் மேடையேறிக் கயிறுகளை அவிழ்த்தான். பதாகை சரிந்து விழுந்தது.

அங்கிருந்தே கணவரும் ராம்குமாரும் நானும் நெறியாளருடைய அறைக்குப் போனோம். அக்காவின் கணவர் உட்காரவில்லை.

"லீவு முடியிறதுக்குள்ள கையெழுத்து வேணும் சார்."

"இறந்தவங்களுக்குப் பட்டம் குடுக்க விதி இருக்கான்னு பாக்கணும்."

"விதியப் பல்கலைக்கழகம் பாக்கட்டும். நீங்க போடவேண்டியதப் போடுங்க."

அவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஆய்வேட்டை உருவினார். பைண்டிங் விறைப்பு இன்னும் தளரவில்லை. "அந்த மூணாவது இயல்..." என்று இழுத்தார். "அவ எழுதுனது அப்படியே போகட்டும்" என்றார் கணவர். நெறியாளர் பேனாவைத் திறந்து, மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார். அப்போதுதான் கொண்டுவந்து மேசையில் வைத்த அவருடைய தேநீர் அதற்குள் ஆறக்கூட இல்லை. அவ்வளவு சின்ன வேலை அது. ஒரு பெண்ணை ஒன்றரை வருடம் வாசலில் நிறுத்திவைத்தது அந்த வேலைக்காகத்தான்.

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.

கடைசியாக நான் அக்காவைப் பார்த்தது அவர் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், இராஜபாளையத்திலிருந்து திரும்பிய பேருந்தில். அன்றும் அவரை உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் கலகலப்பாகவே இருந்தார். சன்னலோரம் உட்கார்ந்து முறுக்கை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார்.

"இத்தன பதிவுலயும் எல்லாத்தையும்விட அதிகமா வாரது எந்த வசைன்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரிந்த சிலவற்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் கம்மி. அதிகமா வாரது வசையே கெடையாது. 'நான் நிக்கேன்ல.' அம்புட்டுதான். எவளாவது வரிசைக்குள்ள நுழையும்போது மொதல்ல வாரது அந்த ஒத்த வார்த்தைதான். அதக் கேக்காதப்பதான் பொறவு மத்ததெல்லாம் வருது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த வார்த்தையைத்தான். என்னுடைய நெறியாளர் வேறொருவர். போன வாரம் என் ஆய்வின் இரண்டாவது இயலோடு அவர் அறைக்குப் போனேன். கைபேசியைப் பார்த்தபடியே, வெளியே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"நான் நிக்கேன்ல சார்" என்றேன்.

அவர் கைபேசியைக் கீழே வைத்தார்.