என் பெயரில் போட்ட ஊசி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கோ வாந்திபேதி பரவுகிறது என்ற கதை புங்குடுதீவு வரை வந்துவிட்டது. நயினாதீவு அம்மன் தேருக்குப் போகிறவர்கள் கொலரா ஊசி போட்டதற்கான துண்டுச்சீட்டைக் காட்டாமல் குறிகட்டுவானில் படகேற முடியாது என்றார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமி, தண்ணீரில் வரும், கொதிக்கவைத்துக் குடியுங்கள், தொற்றினால் ஐந்து நாளுக்குள் காட்டிவிடும் என்று விளக்கினார். அம்மா தண்ணீரை நாலாக மடித்த வேட்டித்துண்டில் வடித்து, துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்து, "ஒரு கிருமியும் இல்லை, குடியுங்கோ" என்பார். எங்கள் வீட்டில் பரிசோதகரை முழுதாக நம்பியது பதினாறு வயது அக்கா மட்டுந்தான்.

தேருக்கு முதல்நாள் ஊசி. மூன்று ஊசி போட்டாலும் அசையமாட்டேன் என்று சொல்லித் திரிந்த நான், வரிசையில் முன்னால் நின்றவன் மயங்கி விழுந்ததும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய்ப் பதுங்கினேன். அக்கா தேடி வந்தாள்.

"என்னடா வீரா, மூண்டு ஊசி எண்டாய்?"

"எனக்கு ஏலாதக்கா. ஆனா தேருக்குப் போகவேணும்."

அதற்கு வழியும் என்னிடம் இருந்தது. கொழும்பில் இருக்கும் பெரியப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லித்தானே கோயிலில் அர்ச்சனை செய்கிறோம்? அம்மனின் அருளே கொழும்புக்குப் போய்ச் சேருமென்றால், ஊசி மருந்து அக்காவின் கையிலிருந்து என் கைக்கு வராதா?

"நீ எனக்கும் போடு. போடேக்கை என்ர பேரும் நட்சத்திரமும் மனசுக்குள்ள சொல்லு. பூராடம், மறந்திடாதை."

"விசரா, மருந்து அப்பிடி வராதடா" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழத் தொடங்கினேன். அந்தக் கலையில் நான் கெட்டிக்காரன். சிரிப்பை நிறுத்தி, என் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றாள்.

"பிள்ளை, நீர் இப்ப வந்தனீரெல்லே?" என்று தாதி கேட்டார்.

"அது தங்கச்சி, மிஸ். எங்களை எல்லாரும் மாறித்தான் சொல்லுவினம்."

எங்கள் வீட்டில் தங்கச்சியே கிடையாது. தாதி சீட்டை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

இரவு அக்காவின் இரண்டு கைகளும் வீங்கி, காய்ச்சல் அனலாக அடித்தது. விடிந்ததும் அம்மா அவளோடு நின்றுவிட, அப்பாவோடு நான் மட்டும் புறப்பட்டேன். அக்கா படுத்தபடியே ஒரு போத்தலை நீட்டினாள்.

"கொதிச்சாறின தண்ணி. இதைவிட வேறையொண்டும் குடிக்கப்படாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்வதற்கு என்ன, வாய்தானே! குறிகட்டுவான் இறங்குதுறையில் பரிசோதகர் என் கையை அமத்தி, "நோகுதோ தம்பி?" என்றார். "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நயினாதீவில் வெயில் கொளுத்தியது. போத்தல் தண்ணீரில் புகை மணத்தது. அதை மணலில் ஊற்றிவிட்டுத் தண்ணீர்ப்பந்தலுக்குப் போனேன். மோர் நாலு முறை, சர்க்கரைத் தண்ணீர் எத்தனை முறையோ தெரியாது. என் பெயரில்தான் ஊசி போட்டாகிவிட்டதே.

திரும்பி வந்து தேரின் அழகை அளக்கத் தொடங்கியபோது அக்கா இடையில் கேட்டாள்:

"போத்தல் தண்ணி முடிஞ்சுதோ?"

"சொட்டு மிச்சமில்லை. பந்தலிலை மோரும் குடிச்சனான்!"

அவள் முகம் போன போக்கை நான் பொருட்படுத்தவில்லை.

அதன்பிறகு நான் பனை வடலிப் பக்கம் ஒதுங்கும்போதெல்லாம், வீங்கிய கைகளை நண்டுபோல அகட்டிக்கொண்டு வேலிவரை பின்னால் வந்தாள். "எப்பிடியடா போனது? தண்ணியாவோ?" என் வயிற்றைப் பற்றி இந்த உலகத்தில் வேறெவரும் அவ்வளவு ஆவலோடு விசாரித்ததில்லை. இப்போது அப்படிக் கேட்க அவள் இல்லை. கேட்டால் எத்தனை முறையும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கோ எனக்கு அலுப்பு. நாலாம் நாள், பகிடியாக இருக்கட்டுமென்று, "ஓம், பச்சைத் தண்ணி மாதிரி" என்றேன். அக்கா வேலிக் கதியால் கம்பைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் கைகொட்டிச் சிரித்தேன். முதன்முதலாக எனக்கு அடித்தது அன்றுதான். வீங்கிய கையாலேயே அடித்தாள்.

ஆறாம் நாள் காலையும் கேட்டாள். "நல்லாத்தான் போனது" என்றேன். கிணற்றுக்கட்டில் போய் இருந்து, முகத்தைப் பாவாடையில் புதைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தேர் பார்க்கக் கிடைக்காத துக்கம் என்று நினைத்தேன். பெருந்தன்மையோடு கிட்டப்போய் அவள் முதுகைத் தடவினேன்.

"அழாதையக்கா. அடுத்த முறையும் உனக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டு வாறன்."