மாமா, இன்னும் கொஞ்சம்

நீல நிற பிளாஸ்டிக் டப். அதில் பாதிக்குத் தண்ணீர், தண்ணீரில் ஒன்றரைக் கிலோ சின்ன வெங்காயம். பள்ளிபாளையத்தில் அக்கா வீட்டின் பின்பக்கம், டப்புக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பட்டறையில் தறி ஓடும் சத்தத்தில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு போர்வெல் வற்றிப்போனது, அவளுடைய கடைவாய்ப் பல் வலி, மச்சானுக்குப் பட்டறையில் ஷிப்ட் மாறியது என்று ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் இரண்டிரண்டு முறை சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கொஞ்ச நாள் தறி ஓட்டினேன். நாமக்கல்லில் முட்டை லாரியில் ஏறினேன். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போய்விட்டேன். பைப் நழுவி இடது கையில் இரண்டு விரல் போன பிறகு, அதே வண்டியில் சமையலுக்குப் போட்டார்கள். மனைவி காய்ச்சலில் போனபோது வண்டி சத்தீஸ்கரில் நின்றது. வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. "எங்கூட்டுல இருக்கட்டும்டா" என்றாள். காரியம் முடிந்ததும் நான் மறுபடி வண்டி ஏறினேன். ஊரில் இருக்க முடியாத கால் எனக்கு. அதில் அக்காவின் மேல் தப்பு இல்லை.

வெங்காயம் உரித்த அந்த வருடம் மகள் பத்தாவது. பள்ளி வாலிபால் அணியில் இருந்தாள். பக்கத்து ஊரில் பந்தயம் முடிந்து அணி முழுவதும் சாப்பிட வீட்டுக்கு வரும், மகளையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள் என்று அக்கா சொன்னபோது, "நானே ஆக்கறேன்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். காலையிலிருந்து பந்து அடித்துவிட்டு வரும் பிள்ளைகளின் பசி எனக்குத் தெரியும். ரிக்கில் பைப் தூக்கிவிட்டு வரும் ஆட்களின் பசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பசிக்குத் தோசை ஆகாது. ஒருத்திக்கு ஊற்றும்போது எட்டுப் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குண்டானில் தக்காளிச் சோறு, ஒரே வடச்சட்டியில் கோழி வறுவல், மசாலா அரைக்க முடியாதவர்களுக்கும் வாய்க்கிற எங்கள் ஊர் வறுவல். ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை. அவ்வளவுதான்.

அந்த வறுவலுக்கு மசாலாத் தூள் கிடையாது. வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். விதை போனால் நிறம் இருக்கும், காரம் அடங்கிவிடும். எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், கருகுவதற்குள் வெங்காயம், கறிவேப்பிலை. பிறகு சின்னச் சின்னதாக வெட்டிய கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், கோழி தன் நீரிலேயே வேகும். கடைசியில் பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். பத்து வருடத்துக்கு மேலாக அதைச் செங்கல் அடுப்பில், காற்றுக்குத் தார்ப்பாய் கட்டி, பெயர் தெரியாத ஊர்களின் வயல்காட்டில் ஆக்கியிருக்கிறேன். என் மகளுக்காக ஒரு வீட்டுக்குள் நின்று ஆக்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தேங்காய் போட்டுக் கிளறும்போது அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆயிருச்சல்லொ. நீ கொஞ்ச நேரம் கடைவீதிப் பக்கம் போயிட்டு வாடா தம்பி. நானே எடுத்துப் போட்டுக்கறேன்."

"ஆக்குனவன் பரிமாற வேண்டாமாக்கா?"

"பொட்டப்புள்ளைக, கூச்சப்படுமாட்ட இருக்குது."

நின்று நின்று எனக்குக் கால் வலிக்கும் என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன். சட்டையை மட்டும் மாற்றி வந்தேன்.

ஆறரை மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். முழங்காலெல்லாம் செம்மண். கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துத் தட்டு போட்டேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. சமைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அப்போது வரிசையின் நடுவிலிருந்து என் மகள் தட்டை நீட்டினாள்.

"மாமா, இன்னும் கொஞ்சம் வைங்க."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு மாமா என்றால் மச்சான்தான், அத்தையின் புருஷன். ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார் போல என்று நினைத்தேன். வாசலில் யாரும் இல்லை. செருப்புகள்தான் கிடந்தன. திரும்பியபோது அவள் தட்டு இன்னும் என் எதிரில்தான் நீண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தேன்.

"அம்மா, உங்க தம்பி சூப்பரா ஆக்கறாருங்க" என்று உயரமான ஒரு பிள்ளை அக்காவிடம் சொன்னாள். அணிக்குக் கேப்டனாம்.

இன்னொருத்தி என் மகளின் தோளை இடித்தாள். "ஏன்டீ, உங்க மாமனுக்குப் பையன் இருக்கறானா? இருந்தா நீ கட்டிக்க. தெனமும் கோழிதான்."

"எங்களையும் கூட்டிட்டுப் போ, பாத்திரமாச்சும் கழுவித் தாரோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அவருக்குக் கொழந்தையே இல்லடீ."

கேப்டன் பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல பிள்ளை. "நெசமாவாங்க மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா கையில் மோர்ச் சொம்போடு சுவரோரம் நின்றாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மகள் எனக்குத் திரும்பக் கிடைப்பாள், ஆனால் அந்த எட்டுப் பேருக்கு நடுவில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள்? அவள் வாயருகே கொண்டுபோன கவளம் அப்படியே நின்றிருந்தது.

"ஆமாஞ் சாமி" என்றேன். "உனக்கு முட்டை வெக்கட்டுமா?"

கவளம் உள்ளே போயிற்று.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். ஆறாவதில் சேர்க்கும்போதே அம்மா பெயர், அப்பா பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரையும் மச்சான் பெயரையும் கொடுத்துவிட்டாளாம்.

"எங்கட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலையாக்கா?"

"போன் போட்டேன். லைன் கெடைக்கல."

"அஞ்சு வருசமாவா லைன் கெடைக்கல?"

அவள் காபி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். பிறகு, "அப்பன் எங்கன்னு கேட்டு மத்த புள்ளைக கேலி பேசுச்சுக. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஆரு போனா? நீ வருசத்துக்கு ரெண்டு தரம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயிருவே" என்றாள். அதற்கும் பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பெத்திருந்தா உன்னுதத் தொட்டிருப்பனா?" என்றாள்.

அவள் சொன்னதில் ஒன்றையும் என்னால் மறுக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. என்னை ஏமாற்றியவர்கள் நிறைய உண்டு. விரல் போனபோது, நான் குடித்திருந்தேன் என்று கூட வேலை செய்தவனே சாட்சி சொன்னான். அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அவனை நான் நம்பியிருக்கவில்லை. அக்காவை நம்பியிருந்தேன். பிள்ளையை எடுத்துக்கொண்டதுகூட இல்லை, கேட்டிருந்தால் ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். என் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெங்காயம் உரித்தாளே, அதுதான் ஆறவில்லை. பல் வலியை இரண்டு முறை சொன்னவளுக்கு இதை ஒரு முறை சொல்ல வாய் வரவில்லை. என்னைக் கடைவீதிக்குப் போகச் சொன்னது என் காலுக்காக இல்லை என்று தெரிந்தபோது, அதற்கு முன்னால் அவள் எனக்குச் செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பலவற்றை இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

அன்று மத்தியானமே வண்டிக்குத் திரும்பிவிட்டேன். மகள் மூன்றாம் நாள் போன் செய்தாள். "அப்பா" என்றுதான் ஆரம்பித்தாள். அழுதாள். "அழுவாத சாமி, ஆளுக இருந்தா மாமான்னே சொல்லு, தப்பில்ல" என்றேன். நாங்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது ஒன்றுதான். அதை அவள் சரியாகக் காப்பாற்றினாள். போனை எடுத்ததும் வரும் முதல் சொல்லிலேயே பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். மாமா என்றால் நான் சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவேன். அப்பா என்றால் உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது அவள் சேலத்தில் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். கூட வேலை செய்யும் பெண்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான் ரிக்கை விட்டாயிற்று. ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் காவலுக்கு இருக்கிறேன், இதுவும் எத்தனை நாளைக்கோ. போன வாரம் சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?"

வழக்கம்போல நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "பக்கத்துல ஆளுக இருக்கறாங்களாட்ட, அப்பறமா கூப்புடு சாமி" என்றேன்.

"ஆருமில்லீங்களே" என்றாள். "மொட்டமாடில துணி எடுத்துட்டு இருக்கறேன். நான் மட்டுந்தான்."

கூப்பிட்ட சொல்லை அவள் கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. ஆலை வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். துணியெல்லாம் காய்ந்துவிட்டதா என்று கேட்டேன்.