மாமனார் போட்ட முள்

வேலைக்கு எழுதிப் போட்டபோது நான் பிறந்த ஊரில் இருந்தேன். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆர்டர் வந்தபோது கல்யாணமாகி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை. தண்ணீர் எடுக்க வேண்டும், அரிசி பொறுக்க வேண்டும், அடுப்புப் பற்றவைக்க வேண்டும். விட மனசில்லை. நடந்தேன். எண்பதுகளில் ஆரம்பித்த நடை.

பஸ்ஸு இல்லாமல் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டை போய், அங்கே திருச்சுழி பஸ்ஸு மாறி, வழியில் இறங்கி, திரும்பவும் நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது அடுப்பு எரிந்து உலை கொதித்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிடும். அதனால் எனக்கு அந்த ஒற்றையடிப் பாதைதான். அது இருந்தால் வேலை இருக்கும். அது போனால் போய்விடும்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பின்னால் கண்மாய்க் கரை. கரைமேல் கொஞ்ச தூரம். மடைக்குப் பக்கத்தில் இறங்கினால் புஞ்சைக்காடு. அதில் முதல் நிலம் எங்கள் மாமனாருடையது. அதன் நடுவாகத்தான் பாதை. பிறகு ஓர் ஓடை. ஓடை தாண்டினால் கல் மண்டபம். மண்டபம் தாண்டினால் ஆறு. பெயருக்குத்தான் ஆறு. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வந்தால் உண்டு. மற்ற நாளில் மணல். மணலில் நடந்து அந்தக் கரை ஏறினால் பள்ளிக்கூடத்து ஓடு தெரியும்.

மண்டபத்தை எந்த ராசா கட்டினார் என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கக் கட்டியது என்பார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைக் கல்லில் மீன் செதுக்கியிருக்கும். தண்ணியில்லாக் காட்டில் மீனைச் செதுக்கி வைத்திருக்கிறான். கீழே ஆட்டுப் புழுக்கை கிடக்கும். ஓரத்தில் ஒரு கல் மட்டும் வழுவழு என்றிருக்கும். நடந்து வருகிறவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் காலில் தைத்த முள்ளை எடுப்பார்கள். என் தாலிக்கயிற்றில் ஊக்கோடு சேர்த்து ஒரு முள்வாங்கியும் தொங்கும். அது இல்லாமல் அந்தப் பாதையில் யாரும் நடப்பதில்லை.

முள் முதலில் அவ்வளவு இல்லை. நான் வந்த புதிதில் மடையில் நின்று பார்த்தால் மண்டபம் நேராகத் தெரியும். கண்ணால் பார்த்துக்கொண்டே நேராக நடக்கலாம். நடுவில் புஞ்சையும் நாலைந்து பனையும்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புஞ்சை நடுவே பாதை போனால் யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். விதைத்த பிறகு மட்டும் நிலத்துக்காரர் பாதைக்குக் குறுக்கே ஒரு முள்ளுக் கொப்பை வெட்டிப் போட்டு, காற்றில் போகாமலிருக்க அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். பார்த்தவர்கள் வரப்போரமாகச் சுற்றிப் போய்விடுவார்கள். தையில் அறுப்பு முடிந்ததும் போட்டவரே வந்து முள்ளை எடுப்பார். பாதை பழையபடி திரும்பிவிடும். போட்டவர்தான் எடுக்க வேண்டும். அடுத்தவன் போட்ட முள்ளில் கைவைப்பது அவன் வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி. வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறது.

மாமனார் ஒரு வருஷம் குதிரைவாலி விதைத்தார். முள்ளைப் போட்டார். மழை ஏமாற்றிவிட்டது. பயிர் முழங்காலுக்கு வராமல் கருகியது. தை வருவதற்குள் அவரும் போய்விட்டார். காய்ச்சல்தான்.

முள்ளை யாரும் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதோடு விவசாயத்தை விட்டுவிட்டு, பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். நிலம் தரிசாகக் கிடந்தது. கால் படாத இடத்தில் சீமைக்கருவேல் வந்தது. ஆடு தின்று போட்ட இடமெல்லாம் முளைத்தது. வரப்போரமாகச் சுற்றிப் போனோம். அங்கே ஒரு காற்றில் கொப்பு முறிந்து விழுந்தது. விழுந்ததா, யாராவது போட்டதா, யாருக்குத் தெரியும்? எதற்கு வம்பு என்று அதையும் சுற்றினோம். ஆட்டுக்கிடை போட்ட கீதாரி, பட்டியைச் சுற்றி அடைத்த முள்ளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அதையும் சுற்றினோம். வருஷத்துக்கு வருஷம் பாதை மேற்கே ஒதுங்கிக்கொண்டே போனது. மண்டபம் மரத்துக்குள் மறைந்துவிட்டது. கிழக்கே போக வேண்டியவள் மேற்கே பார்த்து நடந்தேன்.

வீட்டில் கேட்டேன்.

"உங்கய்யா போட்ட முள்ள எடுத்து விடுங்க. நேரா போயிருவேன்ல."

"அய்யா போட்டது. அவுகதான் எடுக்கணும்."

"அவுகதான் இல்லையே."

"அதுக்கு நான் என்னத்தச் செய்ய?"

அவருக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது. எனக்கும் பேசத் தெரியாது. பாத்திரத்தை விளக்கினேன். கொஞ்சம் சத்தமாக விளக்கினேன்.

ஊரில் ஆம்பிளைகளிடம் கேட்டேன். பஸ்ஸு நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப் பாதைதானே, நாலு பேர் வந்து வெட்டினால் ஒரு பொழுதில் முடிந்துவிடும் என்றேன்.

"உங்க மாமனார் முள்ளு போட்டாரு. நாங்க போயி கைவச்சா உன் புருசன் அருவாளத் தூக்கிட்டு வரவா?" என்றார் ஒருவர்.

"அவரு வர மாட்டாரு."

"அப்ப அவரையே எடுக்கச் சொல்லு."

"அவரு எடுக்க மாட்டேங்காரு."

"பாத்தியா? அவருக்கே இல்லாத தைரியம் எங்களுக்கு எங்கிட்டிருந்து வரும்?"

சிரித்தார்கள். வீட்டில் ஊரைச் சொன்னார்கள், ஊரில் வீட்டைச் சொன்னார்கள். நான் நடுவில் நின்றேன்.

தொண்ணூறு பிறந்த பிறகு மேற்குப் பக்கத்துத் தரிசைப் பாளையம்பட்டிக் கடைக்காரர் ஒருவர் வாங்கினார். ஒருநாள் வேலைக்குப் போகிறேன், கல் ஊன்றிக் கம்பி இழுத்திருக்கிறது. பாதை கம்பிக்கு அந்தப் பக்கம் போகிறது. என் தடம் எனக்கே தெரிகிறது. நேற்று நடந்த செருப்புத் தடம். போக முடியவில்லை. குனிந்து பார்த்தேன். சேலை மாட்டிக் கிழிந்தது. திரும்பி வந்து பஸ்ஸு ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது சமையல்காரி ஒற்றை ஆளாய் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மதினி முறை. வாய் நீளம்.

"வாங்க மகாராணி. பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு போட வந்தீகளா?"

"வழிய அடைச்சிட்டான்."

"வழிய அடைச்சா பறந்து வா. ஆர்டர் வாங்குனீல?"

அப்படிச் சொன்னாளே தவிர அன்றைக்கு என் தண்ணீரையும் அவளே எடுத்திருந்தாள். அடுத்த வாரமும் பஸ்ஸுதான். அமைப்பாளர் டீச்சர் கூப்பிட்டார்.

"தினம் இப்பிடி வந்தா நான் என்ன சொல்ல? ஆபீஸர் வந்து பாத்தா, இந்த ஊர்லயே ஆளு இருக்கேன்னுதான் கேப்பாரு. கேக்க ஆளு காத்துக்கிட்டிருக்கு."

தெரியும். யார் காத்திருந்தது என்றும் தெரியும். மதினியின் தங்கச்சிதான்.

கடைக்காரரைப் பார்க்கப் போனேன். பாளையம்பட்டியில் ஆணி, கயிறு, மண்வெட்டி விற்கிற கடை. கோபமாகத்தான் போனேன்.

"அண்ணாச்சி, எங்க வழிய அடைச்சிட்டீக."

"எந்த வழிம்மா?"

"மண்டபத்து வழி."

அவர் தராசைக் கீழே வைத்தார். "மண்டபத்து வழி என் இடத்துல எப்ப இருந்துச்சு? எங்கப்பா கூட அந்தப் பக்கம் புளி வாங்க வந்திருக்கேன். மடையில நின்னா மண்டபம் நேரா தெரியும். நேரா நடந்து போவோம். அத யாரு இங்கிட்டு வளைச்சா?"

நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா வளைச்சேன்?"

"இல்லண்ணாச்சி."

"மரக்கன்னு வச்சிருக்கேம்மா. வழி விட்டா ஆடும் வரும். ஆட்டுக்கு உன்ன மாதிரி கேக்கத் தெரியாது. உங்க வழியில நீங்க போங்க, நான் மறிக்க மாட்டேன்." கடைப் பையனிடம் டீ சொன்னார். "குடிச்சிட்டுப் போ. வெயில்ல வந்திருக்க."

குடித்தேன். சண்டை போடப் போனவள் டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிவாளை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனேன். வீட்டுக்காரர் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. மண்டபம் தெரியவில்லை. பனைகளை வைத்துத் திசை பார்த்து வெட்ட ஆரம்பித்தேன்.

கருவை மரத்தை வெட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு கொப்பை இழுத்தால் நாலு கொப்பு கூட வரும். கையில் குத்தும், முதுகில் அடிக்கும். தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் பக்கத்தில் வந்து கம்பை ஊன்றி நின்றார்.

"என்ன, கரிமூட்டம் போடப் போறியா?"

"வழி போடுறேன் மாமா."

"வழி அங்கிட்டுல இருக்கு."

"அங்கிட்டுக் கம்பி போட்டாச்சு."

"அதயும் சுத்திப் போ."

"சுத்திக்கிட்டே போனா நான் ராமேஸ்வரம்தான் போய்ச் சேருவேன்."

"போனா எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போடு" என்றார். அரிவாளைத் தொடவில்லை. ஆனால் அவர் ஆடுகள் நான் வெட்டிப் போட்ட தழையைத் தின்றன. அதுவும் ஓர் உதவிதான்.

உச்சி வெயிலுக்குள் மாமனார் முள் போட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். கல்லை வைத்துத் தெரிந்துகொண்டேன். கருங்கல். கிணறு வெட்டியபோது எடுத்த கல் அது. அதன் அடியில்தான் கொப்பு இருக்க வேண்டும்.

இல்லை. ஒன்றும் இல்லை. கறையான் தின்று எத்தனை காலமோ. மண்ணில் ஒரு கோடு மாதிரி செம்மண் பொருக்கு இருந்தது. காலால் தொட்டேன், உதிர்ந்தது.

உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இல்லாத முள்ளுக்கு ஊரே ஒதுங்கி நடந்திருக்கிறது. நாங்கள் ஒதுங்கியதால்தான் இருக்கிற முள் எல்லாம் வளர்ந்திருக்கிறது.

பின்னால் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர். கோடாலி கொண்டுவந்திருந்தார். கல்லைப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் வைத்தார். சாய்ந்துவிடாமல் பார்த்து வைத்தார். வந்து கோடாலியை எடுத்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"நேரா."

அடுத்த ஞாயிறும் வெட்டினோம். ஓடை வரைக்கும் வந்ததும் மண்டபம் தெரிந்தது. திங்கட்கிழமை நடந்தே போனேன். பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் அடுப்புப் பற்றிவிட்டது. வெட்டிய கருவையில் நாலு கட்டை தலைச்சுமையாகக் கொண்டுபோயிருந்தேன். நன்றாக எரிந்தது. மதினி பார்த்துவிட்டு, "பறந்துட்டியே" என்றாள். அவள் தங்கச்சிக்கு வேறு இடத்தில் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஊரும் அந்தப் பாதையில் நடந்தது. வெட்ட வராதவர்கள் எல்லாரும் நடந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வடிந்து, திரும்பவும் நடை ஆரம்பித்த முதல் நாள். எங்கள் நிலத்தைத் தாண்டி ஓடைக்கு முன்னால் பாதைக்குக் குறுக்கே ஒரு முள்ளுக் கொப்பு கிடந்தது. பச்சைக் கொப்பு.

நின்றுவிட்டேன். கால் தானாக வரப்புப் பக்கம் திரும்பியது. திரும்பிய காலைப் பார்த்தேன். இத்தனையும் பட்ட பிறகும் அது திரும்புகிறது.

மேலே கல் இல்லை. காற்றாக இருக்கும். இல்லை, போட்டவர் கல் வைக்க மறந்திருக்கலாம். "யாரு போட்டது?" என்று கத்தினேன். பனை மரத்தில் காக்கை பறந்தது. திரும்பவும் கத்தினேன். ஆள் இல்லை. அங்கே அடுப்பு காத்திருந்தது.

கொப்பை அடிப்பக்கமாகப் பிடித்து இழுத்தேன். ஓரமாகப் போட்டேன். வலது கையில் முள் ஏறிவிட்டது. மண்டபத்தில் உட்கார்ந்து எடுத்தேன், பாதிதான் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் போனதும் மதினி கையைப் பார்த்தாள்.

"என்ன புள்ள ரத்தம்?"

"முள்ளு. பாதையில கிடந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

"கூறு கெட்டவளே, சுத்தி வந்திருக்கலாம்ல?"

இடது கையால் தீப்பெட்டியை எடுத்தேன்.