உளவாளியின் பெண்டாட்டி

எனக்குப் படிக்கிற குரல் இருக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் பீங்கான் பட்டறைப் பெண்கள்தான். விருத்தாசலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னப் பட்டறை அது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கும் கோட்டைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. சாப்பாட்டு நேரத்தில், வார இதழ் ஒன்றில் வந்துகொண்டிருந்த தொடர்கதையை எல்லோருக்கும் உரக்கப் படிப்பேன். உளவாளி ஒருவன் எல்லை தாண்டிப் போகிறான். அவனுக்கு முன்பே போய்ச் செத்த கூட்டாளி பேயாக வந்து எதிரியின் ரகசியங்களை அவன் காதில் ஓதுகிறான். அதைவிடப் பெரிய புளுகு இருக்க முடியாது. ஆனாலும் அடுத்த இதழ் வருவதற்குள் எங்களுக்கு இருப்புக் கொள்ளாது.

என் வீட்டுக்காரர் அப்போது சவூதியில் இருந்தார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் போனவர். மங்கலம்பேட்டை பாய் ஒருவர் கூட்டிக்கொண்டு போய், தான் தங்கியிருந்த ரூமிலேயே இடமும் பிடித்துக் கொடுத்திருந்தார். கடிதம் எழுதுவதைவிட கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அந்தக் காலத்து வழக்கம். லீவு முடிந்து மங்கலம்பேட்டையிலிருந்து யாராவது கிளம்பினால் அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். ஒரு தடவை கேசட்டில் இடம் மீந்துபோனது. சும்மா விடுவானேன் என்று பேய்க்கதையில் ஒரு பகுதியைப் படித்து அனுப்பினேன். ரூமிலிருந்த ஏழு பேரும் அடுத்த பகுதி எங்கே என்று கேட்டு ஆள் ஆளுக்குப் பேசி அனுப்பினார்கள்.

அதிலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. கேசட்டின் ஒரு பக்கம் அவருக்கு மட்டும், என் கடிதம். இன்னொரு பக்கம் ரூமுக்கு, கதை. கதைப் பக்கத்துக்கு அடையாளமாகப் பட்டறையில் கரைத்து வைத்த களிமண்ணை ஒரு பொட்டு வைப்பேன். பட்டறையில் எதற்கும் அப்படித்தான் அடையாளம் போடுவோம். பேனா தேடிக்கொண்டிருந்ததில்லை.

பதில் கேசட் வந்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். அங்கே டேப்ரெக்கார்டர் பாயுடையது. ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் பேசுவார்கள். பெண்ணாடத்துக்காரர் ஒருவர், நான் துப்பாக்கி சுடும் இடத்தை ரயிலுக்கு நேரமானவள் மாதிரிப் படிக்கிறேன் என்றார். இன்னொருவருக்கு வில்லன் சிரிப்பு போதவில்லை. பேய் பேசுவது மாமியார் பேசுவது போலவே இருப்பதாக ஒருவர் சொல்ல, பின்னால் ஏழு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் வீட்டுக்காரருடையது எது என்று தேடினேன். அவர் முறை வரும்போது, "நல்லா இருக்கன். நீ நல்லா இரு. அம்மாவப் பாத்துக்க" என்பார். ஒவ்வொரு கேசட்டிலும் அதேதான். ஊரே என் குரலைப் பற்றிப் பேசியது, கட்டினவர் வாயிலிருந்து ஒரு கருத்து கிடையாது. நன்றாக இல்லை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவருடைய ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியப்போகிற சமயம் வந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். பட்டறையில் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு கடிதப் பக்கத்தில் பேசினேன். அதுவரை அப்படிப் பேசியதில்லை. தெருவில் யாராவது செருப்பைக் கழற்றினால் நீங்கள்தான் என்று எழுந்துபோகிறேன் என்றேன். உங்கள் சட்டையில் ஒன்றைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன் என்றேன். "ஏங்க, கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. கூழோ கஞ்சியோ, இங்கயே குடிப்போம். வந்துடுங்க. என்னால முடியல" என்று முடித்தேன்.

மறுநாள் கேசட்டை வாங்கிப்போகிறவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். பையிலிருந்து எடுத்தால் களிமண் பொட்டு காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. பட்டறையிலிருந்து நேரே வந்ததால் விரலில் களிமண் குழம்பு ஒட்டியிருந்தது, ஞாபகத்தை நம்பி ஒரு பக்கத்தில் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

ரெண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதலில் பெண்ணாடத்துக்காரர்தான் பேசினார். இந்தத் தடவை பேயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை என்று குறைபட்டார். உளவாளிக்குப் பெண்டாட்டி இருக்கிற விஷயமே இப்போதுதான் தெரியும், அவள் அழுது புலம்புவதால் கதையின் வேகம் போய்விட்டது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதையில் உளவாளிக்குப் பெண்டாட்டியே கிடையாது. அடுத்தவர், துவைக்காத சட்டை என்று வருகிற இடம் ரொம்ப நன்றாக இருந்தது என்றார். கதைப் பொட்டைக் கடிதப் பக்கத்தில் வைத்துத் தொலைத்திருக்கிறேன். டேப்பை நிறுத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏழு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து நான் சொன்ன சட்டையையும் செருப்பையும் கேட்டிருக்கிறார்கள். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திரும்ப வந்து மீதியைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. "ஒன் வூட்டுக்காருதான் சொன்னாரு தங்கச்சி, கதையில புதுசா ஒரு ஆள் வருதுன்னு" என்றார் பாய். நான் வாயைத் திறந்ததுமே என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். எழுந்து போய் நிறுத்தியிருந்தால், பெண்டாட்டி கடிதம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். என் மானத்துக்காக உட்கார்ந்த இடத்திலேயே உளவாளிக்குக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார். எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது. பாய் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். "மத்ததெல்லாம் நீ படிக்கிற. இது படிக்கிற மாதிரியே இல்ல" என்றார்.

அப்புறம் என் வீட்டுக்காரர் முறை. நல்லா இருக்கன் என்று ஆரம்பிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வாரம் கதை கேட்டன். அந்தப் பொண்ணு கேக்கறது நாயந்தான். ஆனா அந்தாளு போன மாசமே கையெழுத்து போட்டுட்டான். இன்னும் ரெண்டு வருசம். அவகிட்ட சொல்ல அவனுக்கு தெகிரியம் வரல."

அவர் என் கதைக்குச் சொன்ன முதல் கருத்து அது. டேப்பைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் அவர் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை என்பதும் மனசில் ஓடியது. கோபத்தோடு ரீவைண்ட் பண்ணி, மறுபடி கேட்டேன். மாமியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைப் பெண்கள் என் முகத்தைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டதா என்று கேலி செய்தார்கள்.

அடுத்த கேசட்டில் கதைப் பக்கத்தில் உளவாளியையும் பேயையும் அரைகுறையாகப் படித்து ஒதுக்கிவிட்டு, உளவாளியின் பெண்டாட்டியைப் பேசக் கூப்பிட்டேன். இந்தத் தடவை தெரிந்தேதான் செய்தேன். நான் கடிதப் பக்கத்தில் பேசினால் அவர் பதிலுக்கு நல்லா இருக்கன் என்பார். இவள் பேசினால்தான் அவருக்கு வாய் வருகிறது. "சரிங்க. ரெண்டு வருசந்தான, இருக்கன்" என்றாள் அவள். "ஒங்க மொகம் போட்டோவுல இருக்குது. பேச்சுதான் மறந்துகிட்டே வருது. வாரத்துக்கு ஒரு வார்த்த கூட அனுப்பக் கூடாதா?" அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டேன். அழுகையும் பதிவாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பேசியிருக்கலாம், பேசவில்லை. அப்படியே கொடுத்தனுப்பினேன்.

பதில் கேசட்டில் பெண்ணாடத்துக்காரர், அழுவது போல நடித்த இடம் பிரமாதம், இனிமேல் குறை சொல்ல மாட்டேன் என்றார். இன்னொருவர், உளவாளியை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவைக்கும்படி அந்த இதழுக்கு எழுதிப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் முறை வந்தபோது யாருமே பேசவில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.சி. உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஆள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அது அவர்தானா என்று காதை ஸ்பீக்கரில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ரூமில் இருந்த ஏழு பேருக்கும் ஊரில் பெண்டாட்டி இருந்தாள்.