காத்தோங் நம்பியின் ஒரே நாவல்

டன்லப் தெருவில் இருந்த கோவிந்தசாமி புத்தகக் கடையைப் போருக்கு முன்னால் தெரியாத வயசுப் பெண் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கிடையாது. பலகையில் இருந்தது கணவன் பெயர். கடையை நடத்தியது மனைவி சந்திரமதி. நாகப்பட்டினத்துக் கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெண்பிள்ளைகள் கடை வாசலில் கூடிவிடுவார்கள். மதராஸிலிருந்து என்ன நாவல் வந்திருக்கிறது, யார் எழுதியது, அவருக்கு என்ன வயசு என்று ஆளாளுக்குக் கேள்வி. சந்திரமதியும் சளைக்காமல் சொல்வாள். இவர் ரயில்வேயில் குமாஸ்தா. இவர் பெண் பேரில் எழுதுகிற ஆம்பிளை. இவர் கதையில் கடைசிக்குள் ஒருத்தராவது செத்தாக வேண்டும், அழுது தொலையாதே. நாவல்களை அவள் வாடகைக்கு விட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கூச்சல்தான் அவளுக்கு வீடு நிறைந்த மாதிரி.

ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்த அந்த ஜனவரியில், வந்து கிடந்த புத்தகக் கட்டை எடுத்துவரத் துறைமுகத்துக்குப் போன கோவிந்தசாமி திரும்பவில்லை. பொருளும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே ஊர் விழுந்தது. சிங்கப்பூர் என்ற பெயர் போய் சியோனன் ஆயிற்று.

கப்பல் நின்றது. கடையில் மரவள்ளி மாவும் சவர்க்காரமும் வைத்து விற்றாள் சந்திரமதி. கச்சான் கடலை வறுத்து விற்கிறவன் ஒருவன் பொட்டலம் மடிக்கத் தாள் கேட்டு வருவான். முதலில் பழைய செய்தித்தாளைக் கொடுத்தாள். அது தீர்ந்தது. பிறகு அட்டை கிழிந்த நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கிற அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சோறு என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான், கிழங்குதான்.

ஜப்பான் சிப்பாய்களுக்குப் பயந்து பெண்பிள்ளைகளை யாரும் வெளியே விடுவதில்லை. விட்டாலும் தலைமுடியைக் குட்டையாக வெட்டி, முகத்தில் அடுப்புக்கரியைப் பூசித்தான் விட்டார்கள். அதனால் சந்திரமதியே மிச்சமிருந்த நாவல்களைக் கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனாள். அப்படிப் போகிற வீடுகளில் ஒன்று நாரிஸ் ரோட்டில், ஒரு மாடி அறை. அங்கே இருந்தவள் பூவம்மா. பதினாறு வயசு. அப்பா சுந்தரம் லாரி ஓட்டுநர், அம்மா ரத்தினம்மா தேக்கா சந்தையில் கீரை விற்கிறவள். இருவரும் கிளம்பினதும் வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள். சாவி ரத்தினம்மா இடுப்பில் இருக்கும். ஜன்னல் கம்பி வழியாகத்தான் புத்தகம் போகும், வரும். படிக்கட்டை ஒட்டிய ஜன்னல் அது.

"புதுசா ஒண்ணும் வரலையா அக்கா?"

"கப்பலே இல்ல, புதுசுக்கு எங்க போவேன்?"

"இதையே நாலு தடவ படிச்சாச்சு. அடுத்த வரி என்னன்னு எனக்கே தெரியுது. பைத்தியம் பிடிச்சிரும்லா."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தை சந்திரமதியை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு, கணவன் அச்சடித்து வைத்திருந்த கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அவள் ஒரு கதையைத் தொடங்கினாள். கள்ளாங் ஆற்றுப் படகுக்காரன் மகள் செண்பகவல்லி. தாயில்லாப் பெண். தைரியசாலி. இரண்டு அத்தியாயம் முடிந்ததும் கயிறு போட்டுத் தைத்து பூவம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தா, புதுசு. எழுதினவர் பேரு காத்தோங் நம்பி."

தான் எழுதியது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புருஷன் செத்த ஆறாம் மாதம் கதை எழுதுகிறாள் என்றால் தெரு என்ன சொல்லும் என்ற பயம் ஒன்று. அதைவிட, பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பிடித்துவிட்டது. பூவம்மா படித்ததும் அது பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் போனது. திரும்பி வரும்போது ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. எல்லா ஜன்னலிலும் ஒரே கேள்வி: யார் இந்தக் காத்தோங் நம்பி? கல்யாணம் ஆனவரா? சந்திரமதி சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரை உண்டாக்கினாள். காத்தோங் கடற்கரையோரம் தென்னந்தோப்பில் வீடு. கண்ணாடி போட்டிருப்பார். அதிகம் பேச மாட்டார். எழுதிய தாள்கட்டைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படிச் சொன்ன நாட்களில் அவளுக்கே நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

அடுத்த வருஷம் நடுவில் சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். வர மாட்டேன் என்றவர்களையும் ஏற்றினார்கள். லாரியோடு நிறுத்திய சுந்தரத்தை அப்படியே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதம் போனது. ஆள் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. போன இடத்தில் வாந்திபேதியில் ஈசல் மாதிரி விழுகிறார்கள் என்று மட்டும் பேச்சு வந்தது.

பூவம்மா ஜன்னலில் நின்றாள். அழவில்லை. புத்தகம் கேட்கவும் இல்லை. சந்திரமதிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் படகுக்காரனைக் கப்பலில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள். செண்பகவல்லி அப்பாவைத் தேடித் தனியாகப் படகை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினாள்.

படித்த மறுநாள் பூவம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அவ அப்பாவக் கண்டுபிடிச்சிருவாளா? நம்பி சார்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

சந்திரமதி இரண்டு நாள் கழித்துப் போய்ச் சொன்னாள்: "கேட்டேன். கண்டிப்பாக் கண்டுபிடிச்சிருவான்னு சொன்னாரு."

அந்த அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் பெண்கள் படைக்கு முகாம் திறந்தார்கள். இந்தியாவின் விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கப் பெண்கள் வரவேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய கார் தெருத்தெருவாகப் போனது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள், குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் என்று சேர்ந்தார்கள். படை சயாம் வழியாகப் பர்மாவுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு காலை ரத்தினம்மா பூட்ட மறந்தாளோ, பூவம்மாதான் பூட்டாமல் இருக்கும்படி ஏதாவது சொன்னாளோ, மத்தியானம் ரத்தினம்மா திரும்பியபோது அறை காலி.

முகாம் வாசலுக்கு ஓடினாள் ரத்தினம்மா. காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

"நீ போம்மா. நான் அப்பாவக் கூட்டிட்டு வர்றேன்."

"யாருடி சொன்னா உனக்கு?"

"செண்பகவல்லி போகலையா?"

அவ்வளவுதான் பேச விட்டார்கள். யார் அந்தச் செண்பகவல்லி என்று ரத்தினம்மா தெருவெல்லாம் விசாரித்தாள். கதையில் வருகிறவள் என்று கடைசியில் யாரோ சொன்னார்கள்.

மறுநாள் கீரைக்கூடையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் கதை எழுதுற ஆளு வீடு காத்தோங்ல எங்க இருக்கு?"

"எதுக்குக்கா?"

"அவன் வாசல்ல மண்ண வாரித் தூத்தணும். பெத்த வயிறு எரியுது."

சந்திரமதி கையிலிருந்த மாவுப் படியைக் கீழே வைத்தாள். "இங்கேயே தூத்துங்கக்கா. எழுதினது நான்தான்."

ரத்தினம்மா புரியாமல் பார்த்தாள். "அப்ப அந்த ஆளு?"

"அப்படி ஒரு ஆளே இல்ல."

குனிந்து மண்ணை வாருவாள் என்று சந்திரமதி காத்திருந்தாள். அவள் வாரவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது" என்றாள். "என்ன எழுதுன? படி. எம் மவளக் கூட்டிட்டுப் போனது என்னன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

சந்தை கலைந்த மத்தியானங்களில் ரத்தினம்மா வந்து உட்காருவாள். சந்திரமதி படிப்பாள். தான் எழுதிய வரிகளை அந்த அம்மாளின் முகத்துக்கு எதிரே உரக்கப் படிப்பது போலத் தண்டனை அவள் வாழ்க்கையில் வேறு இல்லை. நடுவில் ஓரிடத்தில், செண்பகவல்லி தரகன் ஒருவனைத் திட்டுகிற திட்டுக்கு ரத்தினம்மா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்த மறுகணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொரு நாள் கேட்டாள்: "அம்மாக்காரிய ஏன் முதல்லயே கொன்னுட்ட?"

சந்திரமதி தாளை மடியில் வைத்தாள். "அம்மா இருந்தா அவ வீட்ட விட்டுக் கிளம்பிப் போக முடியாதுக்கா. கதை நகராது."

"எம் மவ போனாளே. நான் இருக்கும்போதே போனாளே."

அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து ஒரு பிரிவைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். பூவம்மாவும் அதில் போனாள். வழியனுப்ப இருவரும் ரயிலடிக்குப் போனார்கள். கூட்டத்தில் கிட்டே போக முடியவில்லை. ஒரு ஜன்னலில் தெரிந்த கை அவளுடையது என்று ரத்தினம்மா சொன்னாள். சந்திரமதிக்கு நிச்சயமில்லை, ஆமாம் என்றாள்.

கதை பாதியில் நின்றிருந்தது. படகு நடுக்கடலில். சந்திரமதி பேனாவைத் தொட்டே மாதக்கணக்கு ஆயிற்று. எழுதிய வரைக்கும் கேட்டு முடித்ததும் ரத்தினம்மா, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் எழுதல."

"எழுது. அவளத் தண்ணியிலேயே விட்டுறாத."

"அப்பாவ எப்படிக்கா கண்டுபிடிக்க வைக்கிறது? எனக்குக் கை ஓடல."

ரத்தினம்மா யோசித்தாள். "அப்பன் கிடைக்க வேணாம். அந்த ஆசையெல்லாம் எனக்கு எப்பவோ போயிருச்சு. அவ வந்து சேரட்டும், போதும்."

அப்படியே எழுதினாள் சந்திரமதி. நாவலுக்குக் கடைசி அத்தியாயம். செண்பகவல்லி ஒரு மத்தியானம், வெறும் கையோடு, கறுத்து இளைத்து, கள்ளாங் துறையில் படகை இழுத்துக் கட்டுகிறாள். கரையில் யாரோ ஒரு கீரைக்காரி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். அந்தக் கீரைக்காரி முன் அத்தியாயங்களில் எங்கும் இல்லை. ரத்தினம்மா அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வருஷம் முழுக்க இருவருக்கும் அதுதான் பேச்சு. ஊரில் பஞ்சம் முற்றியது. கிழங்கும் கிடைக்காத நாட்களில் ரத்தினம்மா விற்காத கீரையை அவித்துக் கொண்டுவருவாள். இருவரும் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்ப வந்த பிறகு, வருஷக் கடைசியில் ஒருநாள் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பெயர் சரோஜினி என்றாள். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவரின் மகள், பூவம்மாவோடு ஒரே பிரிவில் இருந்தவள். நாரிஸ் ரோட்டு அறை பூட்டியிருந்ததால், அக்கம்பக்கத்தார் சொல்லி, கீரைக்கார அம்மாவைத் தேடி இங்கே வந்திருந்தாள். ரத்தினம்மா அப்போது படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சரோஜினி நின்றபடியே சொன்னாள். ரங்கூனை விட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். வண்டி கிடையாது. மழையில் நடந்தார்கள். வழியில் பூவம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது, மருந்து இல்லை. ஒரு ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

"பர்மாவுக்குப் போகேக்க ரயில் நிண்ட இடமெல்லாம் இறங்கி ஓடுவா, அம்மா. கூலிக் கொட்டில்களிலை போய், சுந்தரம் எண்டு ஆரும் இருக்கினமோ எண்டு கேப்பா. ஒருத்தருக்கும் தெரியேல்லை. அவ கடைசி வரைக்கும் பயப்படேல்லை. உங்களைத்தான் கேட்டவ."

ரத்தினம்மா அவளை உட்காரச் சொன்னாள். சந்திரமதியிடம், "பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொடு" என்றாள். சரோஜினி குடித்துவிட்டுப் போகும் வரைக்கும் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை தெருமுனை திரும்பிய பிறகுதான் ரத்தினம்மா அலறினாள். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். அந்த வருஷங்களில் அழுகை புதிதில்லை என்பதால் கொஞ்ச நேரத்தில் நடந்துவிட்டார்கள்.

பிறகு சில வாரம் அவள் சந்தைக்கும் வரவில்லை, கடைக்கும் வரவில்லை. சந்திரமதி கஞ்சி கொண்டுபோய் வைப்பாள். சில நாள் தொடாமல் கிடக்கும். 'கண்டிப்பாக் கண்டுபிடிச்சிருவான்னு சொன்னாரு' என்று அந்த ஜன்னலில் தான் சொன்ன சொல் அவளை விடவில்லை. ஒருநாள் கதை எழுதிய தாள்கட்டை எடுத்துக்கொண்டு நாரிஸ் ரோட்டுக்குப் போனாள். ரத்தினம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, இதெல்லாம் பொய். அடுப்புல போட்டுறேன். கடைசி அத்தியாயத்தையாவது கிழிச்சுடுறேன். எனக்கு அதப் பாக்க முடியல."

தாளைக் கிழிக்க அவள் கை வைத்தபோது ரத்தினம்மா எழுந்து உட்கார்ந்தாள். மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள். "அவளாச்சும் வீடு வந்து சேரட்டும்."

சந்திரமதி தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கயிற்றால் கட்டினாள். ரத்தினம்மா எழுந்து, மூலையில் கிடந்த கீரைக்கூடையை எடுத்துத் தட்டினாள். அன்றைக்குச் சந்தை முடிந்திருக்கும் என்று சந்திரமதி சொல்லவில்லை. இருவரும் படியிறங்கித் தேக்காவை நோக்கி நடந்தார்கள்.