வாய்க்குள் போவதும் வெளியே வருவதும்

என் கணவருக்குத் தொண்டையில் கட்டி. ரேடியேஷனில் கட்டி சுருங்கியது, கூடவே விழுங்கும் சக்தியும் போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் வயிற்றில் டியூப் வைத்துவிட்டார். அமெரிக்காவில், எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் டப்பாவில் வரும் பாலை அந்த டியூபில் ஊற்றுவதுதான் அதன்பிறகு என் சமையல்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக் குறை சொன்ன மனுஷர் அவர். சாம்பாரில் உப்பு இல்லை, சாதம் குழைந்துவிட்டது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. நானும் லேசில் விட்டதில்லை.

எதிர்வீட்டில் ஒரு சீனப் பெண்மணி, மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மத்தியானம் மூன்று காசுகளோடு வந்தார். மனதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு காசுகளை ஆறு முறை போட வேண்டுமாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, ஆறு கோடும் சேர்ந்தால் பதில். அவர்கள் நாட்டுப் பழைய குறி. வேலையற்ற வேலை என்று எனக்கு எரிச்சல், என் கணவருக்கோ ஒரே குஷி. மறுபடி எப்போது வாயால் சாப்பிடுவேன் என்பதுதான் அவர் கேள்வி. வேறென்ன கேட்பார், பாவம்.

மேலே ஒரு முழுக்கோடு, கீழே ஒரு முழுக்கோடு, நடுவில் உடைந்த கோடுகள் நான்கு. பல் தெரியத் திறந்த வாய் மாதிரி இருந்தது. அந்த அம்மா தயங்கித் தயங்கித்தான் ஆங்கிலத்தில் சொன்னார். இதன் பெயர் ஊட்டம். வாய்க்குள் போவதையும் வாயிலிருந்து வருவதையும் கவனித்து நடப்பவர் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறார். எப்போது என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

“உள்ள போறத டியூப் பாத்துக்குது. வெளில வர்றத நான் பாத்துக்கறேன்” என்று அடைத்த குரலில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றிருந்தேன். நிஜமாகவே மாறிப்போனார். டியூபைக் கழுவினால் “தேங்க்ஸ்மா” என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளி போல அத்தனை இதமாகப் பேசினார். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் எனக்கு வைத்த ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடாமல், அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“ரசத்துல உப்பே போடலைங்க” என்றேன்.

“உன் கை ரசம்மா. நல்லாத்தான் இருக்கும்.”

கிச்சனுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் பனிக்காலத்தில் நிமோனியா வந்து போய்விட்டார். ஃபியூனரல் ஹோமில் சாஸ்திரிகள் என்னை வாய்க்கரிசி போடச் சொன்னார். உதடுகளை ஒட்டியிருக்கிறோம், திறக்க வராது, மேலே வைத்துவிடுங்கள் என்றார் அங்கே வேலை பார்ப்பவர். எதிர்வீட்டு அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் ரசம் சாதத்துக்கு அப்படி ஏங்கிய மனுஷருக்கு, இத்தனை மாதம் கழித்து நான் கொடுத்தது அந்தப் பச்சரிசிதான்.

வைத்துவிட்டுக் குனிந்தபடியே நின்றேன். அரிசி வேகவே இல்லை என்று ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்றிருந்தது.