முஸ்பிரா சொன்ன ஓம்

கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் நாள் நீதிமன்றத்துக்குப் போன முஸ்பிராவை, வாசலில் நின்றவர் வழக்குக்கு வந்த சனம் இருக்கும் வாங்கில் போய் இருக்கச் சொன்னார். முக்காட்டைக் கண்டவருக்குக் கோட்டு கண்ணில் படவில்லை. சொந்தச் சனமும் சும்மா இருக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்குக் கோடு கச்சேரி என்னத்துக்கு?" என்று வாப்பாவிடம் கேட்காத ஆளில்லை. தொண்ணூறில், வடபகுதி முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து, முசலிக் கரையிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாமுக்குப் போன குடும்பம். முஸ்பிரா பிறந்ததே அங்கேதான். அங்கே அகதி, திரும்பி வந்த ஊரில் புத்தளத்தாள். இப்போது, ஊரின் முதல் பெண் சட்டத்தரணி என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அந்த நாட்களில் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அலைந்து அலைந்து கால் வலித்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

அவளை முதலில் தேடி வந்தவர்கள் இந்தியாவிலிருந்து திரும்பிய சனம். சண்டைக்காலத்தில் படகேறிப் போய், அங்கே முகாம்களில் பிள்ளை பெற்று வந்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே பிரஜாவுரிமைப் பதிவு இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டையும் இல்லை. மற்றச் சட்டத்தரணிகள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய கோப்புகள் அவை. முஸ்பிராவிடம் வேறு கோப்பே இருக்கவில்லை. பத்து வருடத்தில் ஒரு பொய்க் கடதாசியும் கொடுக்காததால், அவள் சொன்னால் பிரஜாவுரிமை பதியும் கந்தோரில் மறுகேள்வி இல்லை என்றாயிற்று. அவள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

மாசியில் பேசாலைச் செலீனா தன் பதினெட்டு வயது மகள் றொஷேலோடு வந்தாள். அடையாள அட்டை இல்லாமல் பெட்டை உயர்தரப் பரீட்சை எழுத முடியாது.

"பிறப்புச் சான்றிதழில அம்மா பேர் அன்ரோனெற் எண்டு கிடக்குதே, அக்கா?"

"அது என்ர தமக்கை, மிஸ். நான் பிந்திப் போனனான். முகாமில எனக்குப் பதிவு கிடைக்கேல்ல. ஆசுபத்திரியில முகாம் அட்டை கேட்டவை. அக்காட அட்டையைக் குடுத்துத்தான் இவளைப் பெத்தனான். கனபேர் அப்பிடித்தான் செய்தவை."

தமக்கை அங்கேயே இறந்துபோனாள். கடதாசிப்படி றொஷேல் தாயில்லாப் பிள்ளை.

"உண்மையைச் சொல்லித் திருத்துவம். இந்தியாவில வழக்குப் போடவேணும், இரத்தம் எடுத்துச் சோதிக்கவேணும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"நாலஞ்சு வருசம்."

"கடதாசியில உள்ளபடியே குடுத்தா?"

"மூண்டு மாசம். ஆனா அந்தப் பொய்யை நான் எழுதமாட்டன்."

செலீனா அழவில்லை. "அப்ப நானே நிரப்பிக் குடுக்கிறன், மிஸ்" என்று கோப்பை எடுத்துக்கொண்டு போனாள். முஸ்பிரா தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

வைகாசியில் விசாரணை. முஸ்பிரா வேறு அலுவலாக அதே கந்தோரில் நின்றாள்.

"இவ உமக்கு என்ன முறை?" என்று உத்தியோகத்தர் றொஷேலைக் கேட்டார்.

"சின்னம்மா." பெட்டை திக்கவில்லை. செலீனா தலையாட்டினாள்.

அவர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நாடி. மேலதிக விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பும் படிவத்தை இழுத்தெடுத்தார். அங்கே போனால் கோப்பு வருடக்கணக்கில் கிடக்கும். அப்போதுதான் முஸ்பிராவைக் கண்டார்.

"மிஸ், இவையளை உங்களுக்குத் தெரியுமோ? தாயும் மகளும் மாதிரியெல்லோ கிடக்கு. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். சின்னம்மாதானோ?"

முஸ்பிராவுக்குப் பயம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. பிடிபட்டால் கறுப்புக் கோட்டைக் கழற்றவேண்டியதுதான் என்பது மட்டும், வேறு யாருக்கோ நடக்கப்போவது போல, தெரிந்தது.

"ஓம்," என்றாள். "சின்னம்மாதான்."

முத்திரை விழுந்தது.

விறாந்தையில் செலீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "இனி வீட்டில அம்மா எண்டு கூப்பிடலாம்தானே, அக்கா" என்றாள் முஸ்பிரா.

"ஐயோ, வேண்டாம் மிஸ். மூண்டு மாசமாப் பழக்கி வைச்சிருக்கிறன். இனி வாய் தவறினா உங்களுக்கும் கரைச்சல்."

"சின்னம்மா, பஸ் வெளிக்கிடப்போகுது!" என்று படலையடியிலிருந்து றொஷேல் கூப்பிட்டாள்.

"வாறன் மகள்," என்று செலீனா ஓடினாள். சின்னம்மாவும் மகள் என்று கூப்பிடலாம். அதில் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.